குழாய்ச் சாவி யார் கையில்

நம் வயசுக்காரர்களில் பாதிப் பேருக்கு இப்போது திடீரென்று ஒரு ராஜா தேவைப்படுகிறார். காலையில் நடக்கப் போகிற பூங்காவில், கல்யாண வீட்டுப் பந்தியில், பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில், எங்கே போனாலும் இதே பேச்சு. "எல்லாத்தையும் ஒரே ஆள் கையில குடுத்துடணும்பா, அப்பதான் உருப்படும்." சொல்கிறவர்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, முட்டி வலி இருக்கிறது, பேப்பரைக் கை நீட்டிப் பிடித்தால்தான் எழுத்து தெரிகிறது. அந்த ஒரே ஆள் வந்து இதையும் சேர்த்துச் சரி பண்ணுவார் என்று நினைக்கிறார்களோ என்னவோ. எனக்கு ராஜா தெரியும். எட்டு வீட்டுக்கும் ஒரு குழாய்க்கும் அவர் ராஜா. அவருக்குப் பிறகு வந்த சட்டத்தின் ஆட்சியும் தெரியும், அதற்குப் பிறகு வந்த எங்கள் அம்மாவின் ஆட்சியும் தெரியும். எல்லாம் ஒரு தசராவுக்கும் அடுத்த சங்கராந்திக்கும் நடுவில், நான் மைசூரில் ஏழாம் வகுப்புப் படித்தபோது நடந்தது. இதைக் கேட்டுவிட்டு அப்புறம் ராஜாவைத் தேடுங்கள்.

ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக வாடகை வீடுகள். கொள்ளேகால்காரியான அம்மா அதை வளவு என்பாள். வெளிவாசல் ஒன்று, துவைக்கிற கல் ஒன்று, குழாய் ஒன்று. குழாயைச் சுற்றி இடுப்பளவு உயரத்தில் பலாப் பலகைப் பெட்டி அடித்து, மூடிக்குத் தகரம் போட்டு, பித்தளைப் பூட்டு ஒன்று தொங்கும். ஈரத்தில் ஊறி ஊறி அந்தப் பலகை கறுத்துப்போய் ஒரு வாசனை அடிக்கும். பாசியும் பித்தளையும் கலந்த வாசனை. இன்றைக்கும் மழை நின்ற மறுநாள் எங்காவது அந்த வாசனை வந்தால் என் கை தானாகக் குடத்தைத் தேடும்.

பூட்டின் சாவி வீட்டுக்காரரிடம். அவரை யாரும் ஓனர் என்று சொல்ல மாட்டார்கள், யஜமானர் என்றுதான் சொல்வார்கள். அவருடைய அப்பா அரண்மனைக் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர், அதற்கு முந்தின தலைமுறை தமிழ்நாட்டிலிருந்து வந்தது. லாயமும் போய் ராஜாவும் போய் எத்தனையோ காலம் ஆன பிறகும் தசரா வந்தால் இவர் ஜரிகைப் பேட்டாவை, மைசூர்த் தலைப்பாகையை, கட்டிக்கொண்டு முதல் வீட்டு வாசலில் பிரம்பு நாற்காலி போட்டு உட்காருவார். நாங்கள் எட்டு வீட்டுக் குழந்தைகளும் ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுபோய்க் கொடுத்து வணங்க வேண்டும். தலையில் கை வைத்து, கையில் ஒரு துண்டு மைசூர்பாகு வைப்பார். அந்த மைசூர்பாகுக்காக நான் அவரை உயிருக்கு உயிராக நேசித்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, கெட்ட மனுஷர் இல்லை. நஞ்சன்கூட்டில் அப்பா வேலை பார்த்த மில்லை மூடியபோது, "நோடப்பா, வேலை கெடைக்கற வரைக்கும் வாடகையைப் பத்திப் பேசாதே" என்றவர் அவர்தான். பக்கத்து வீட்டுச் சண்டை எதுவானாலும் அவர் வாசலில் தீரும். ஆனால் குழாய் மட்டும் அவருடைய பூஜை முடிந்த பிறகுதான் திறக்கும். பூஜை அவர் எழுந்த பிறகுதான் ஆரம்பிக்கும். எழுவது அவர் இஷ்டம். கார்ப்பரேஷன் தண்ணீர் விடியற்காலையிலேயே வந்துவிடும். பெட்டிக்குள் அது முட்டி முட்டி முணுமுணுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பெண்கள் எல்லாரும் குடத்தோடு முற்றத்தில் உட்கார்ந்திருப்பார்கள். திறந்ததும் முதல் இரண்டு குடம் யஜமானர் வீட்டு அண்டாவுக்கு. அதை முறை வைத்து மற்ற வீட்டுப் பெண்கள்தான் சுமந்துபோய் ஊற்ற வேண்டும். இது எங்கள் வளவின் வழக்கம். வரியென்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அம்மா ஹெப்பாளில் ஒரு ஊதுபத்திக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். அவள் சேலையில் எப்போதும் சந்தனமும் கரித்தூளும் மணக்கும். கம்பெனி பஸ் ஆறரை மணிக்கு மெயின் ரோட்டில் நிற்கும், ஹாரன் அடிக்கும், போய்விடும். அது போனால் அன்றைய வேலை போச்சு. மில் மூடிய பிறகு எங்கள் வீட்டில் உலை கொதித்தது அந்த ஒரு வேலையால்தான். முந்தின நாளே தண்ணீர் பிடித்து வைத்திருக்கலாமே என்பீர்கள். வீட்டுக்கு இத்தனை குடம்தான் என்று கணக்கு. எங்கள் மூன்று பேருக்கே அது ராத்திரியே தீர்ந்துவிடும். அப்பா வீட்டில்தானே இருந்தார், அவர் தண்ணீர் பிடித்து உலை வைத்தால் என்ன என்பீர்கள். நல்ல கேள்வி. அந்தக் காலத்தில் அதை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

குளிக்காமல், சமைக்காமல் ஓடியும் பல நாள் அம்மா பஸ்ஸைத் தவறவிட்டாள். சூப்பர்வைசர் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். தசராவுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அம்மா யஜமானர் வாசலில் போய் நின்றாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்க யஜமானரே, காலைல கொஞ்சம் வெள்ளனே பெட்டியைத் தொறந்துட்டா எனக்கு ஒத்தாசையா இருக்குமுங்க. பஸ்ஸு போயிருதுங்க."

அவர் வெற்றிலையை மென்று முடித்தார். "யோசனை பண்றேன்மா" என்றார்.

அவ்வளவுதான். யோசனை எத்தனை நாள் நடக்கும், முடிவு எப்போது வரும் என்று கேட்க வழி கிடையாது. வீட்டுக்கு வந்ததும் அப்பா கோபித்துக்கொண்டார். "அவர் மனசு கோணினா நம்ம கதி என்ன? வாடகைக்குக் காத்துக்கிட்டு இருக்கற மனுஷன்கிட்டப் போய் நேரம் சொல்றியே." அம்மா வாயைத் திறக்கவில்லை. அம்மா பதில் பேசாவிட்டால் ஒத்துக்கொண்டாள் என்று அப்பா நினைத்தார். அந்தக் கல்யாணத்தில் அவர் தொடர்ந்து செய்துவந்த தப்பு அது.

ஆயுத பூஜை வந்தது. உங்களுக்குத் தெரியும், மைசூரில் அன்றைக்கு சைக்கிள், அரிவாள்மணை, தையல் மெஷின் என்று எதையும் விட்டுவைக்க மாட்டார்கள், எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்துப் பூப் போடுவார்கள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை ஆகும்வரை தொடக் கூடாது. அந்த வருஷம் யஜமானர் நல்ல நேரம் போய்விடும் என்று விடிவதற்கு முன்பே பூஜையை முடித்தார். தன் அப்பாவின் லாயக் கத்தரியையும் சேணக் கொக்கியையும் தட்டில் வைத்தார். கூடவே குழாய்ச் சாவியையும் வைத்துச் சந்தனம் பூசிக் கற்பூரம் காட்டிவிட்டார். பெட்டியைத் திறக்க மறந்துவிட்டார்.

முந்தின நாள் எங்கேயோ குழாய் உடைந்து தண்ணீரே வரவில்லை. எட்டு வீட்டில் ஏழு வீட்டுக் குடமும் காய்ந்து கிடந்தது. யஜமானர் வீட்டு அண்டா மட்டும் பண்டிகைக்காக நிரம்பியிருந்தது. முற்றம் முழுக்கப் பூசணிக்காய் உடைத்த சிவப்பு, சாமந்திப் பூ, சாம்பிராணிப் புகை. பெட்டிக்குள் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் வீட்டில் கைக்குழந்தைக்காரி அழுக்குத் துணிக் குவியலுக்கு நடுவில் அழுதுகொண்டு நின்றாள்.

இரண்டாம் வீட்டில் ஒரு வாத்தியார் இருந்தார், சமூக விஞ்ஞானம் நடத்துகிறவர். எல்லாரும் மேஷ்ட்ரு என்போம். யாரோ பூட்டை உடைக்கலாம் என்றபோது, "சட்டத்தை யாரும் கையில எடுக்கக் கூடாது" என்று அவர் தடுத்தார். நர்ஸ் அக்கா, எங்கள் பக்கத்து வீடு, கிறிஸ்தவர், நைட் டியூட்டி முடித்து வந்து கால் கழுவத் தண்ணீர் இல்லாமல் வாசலில் நின்றவர், "தண்ணியையாவது கையில எடுக்கலாமா மேஷ்ட்ரே?" என்றார்.

அம்மா யஜமானர் வீட்டுக் கூடத்துக்குள் போனாள். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கை கட்டி உட்கார்ந்திருந்தார்.

"மறந்துட்டேன்மா, என் தப்புதான். ஆனா பூஜையில உக்காந்த ஆயுதத்தை எடுக்கக் கூடாது. மகாராஜா கத்தியே இன்னிக்கு உறையிலதான் இருக்கும். குழந்தைக்கு வேணும்னா என் அண்டாவிலேர்ந்து ஒரு சொம்பு எடுத்துக்கோ."

"கத்தி உறைக்குள்ள இருந்தா நல்லதுதானுங்க" என்றாள் அம்மா. "சாவி உள்ளார இருந்தா சோறு ஆகாதுங்க. எனக்குச் சொம்பு வேண்டாம். சாவி வேணுமுங்க."

அம்மா தட்டின் முன்னால் விழுந்து கும்பிட்டாள். எழுந்து குங்குமம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். பிறகு சாவியை எடுத்தாள். விரலெல்லாம் சந்தனம். யஜமானரின் மனைவி, யஜமானியம்மா, சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார், தடுக்கவில்லை. அம்மா முற்றத்துக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். முதல் குடம் கைக்குழந்தைக்காரிக்குப் போனது. யஜமானர் அண்டாவுக்கு அன்று யாரும் சுமக்கவில்லை. எல்லாக் குடமும் நிரம்பிய பிறகு அம்மா சாவியைக் கொண்டுபோய்த் திரும்பத் தட்டிலேயே வைத்தாள்.

வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. பண்டிகை முடிந்ததும் யஜமானர் எல்லாரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார். பேட்டா இல்லை, வெறும் தலை. சாவியைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தார். "ஆய்து, முடிஞ்சுது. இனி நீங்களே ஆளுங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அப்போது எனக்கு அழுகை வந்தது. பெரிய தியாகம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அது தியாகமும் இல்லை ஒன்றுமில்லை, முழுக்க ரோஷம். நாங்கள் அடித்துக்கொண்டு திரும்பி அவர் காலில் வந்து விழுவோம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

மேஷ்ட்ருக்கு அன்றைக்கு முகத்தில் அப்படி ஒரு ஒளி. வாழ்நாள் முழுக்க வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம் அவர் வாசலிலேயே வந்து நிற்கிறது. "தேர்தல் வைக்கணும்" என்றார். "வீட்டுக்கு ஒரு ஓட்டு. குடும்பத் தலைவர் போடணும்." ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் எல்லாரும் சட்டை போட்டுக்கொண்டு முற்றத்தில் கூடினார்கள். பெண்கள் வாசற்படியில் நின்று பார்த்தோம். நர்ஸ் அக்கா மட்டும் நேரே போய் நடுவில் நின்றார்.

"உங்க வீட்டுலேர்ந்து தம்பி யாராவது..." என்று இழுத்தார் மேஷ்ட்ரு.

"தம்பி பெங்களூர்ல இருக்கான். தண்ணி நான் குடிக்கறேன். என் வீட்டுக்குத் தலைவர் நான்தான்."

மேஷ்ட்ரு யோசித்துப் பார்த்து, விதியில் தடையில்லை என்று ஒத்துக்கொண்டார். அவர் நியாயஸ்தர், அதில் சந்தேகமே இல்லை. நர்ஸ் அக்கா அம்மாவின் பெயரைச் சொன்னார். யஜமானர் வரவில்லை. மற்றவர்கள் எல்லாரும் மேஷ்ட்ருக்குக் கை தூக்கினார்கள், அப்பா உட்பட. ஒரு நாளும் குடம் தூக்காத கைகள். வீட்டுக்கு வந்து அப்பா, "படிச்சவர் கையில இருக்கறதுதான் நல்லது" என்றார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

மேஷ்ட்ரு ஆட்சியில் குழாய் மணி ஆறானால் டாண் என்று திறந்தது. பள்ளிக்கூடத்து விசில் ஒன்றையும் சாவியையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவார். ஒரு விசிலுக்கு முதல் வீடு, அடுத்த விசிலுக்கு இரண்டாம் வீடு. முக்கால் குடத்தில் விசில் ஊதினால் முக்கால் குடத்தோடு நகர வேண்டும். யஜமானர் வீட்டுக்குச் சுமக்கிற வழக்கம் ஒழிந்தது, அது பெரிய விஷயம், மறுக்க மாட்டேன். யஜமானியம்மா முதல் தடவையாகத் தானே பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு வந்தார். குடம் தூக்கத் தெரியாமல் சேலையெல்லாம் நனைத்துக்கொண்டு அவர் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் சிரித்து அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை.

ஆனால் எங்கள் வீடு எட்டாம் நம்பர். எங்கள் விசில் வரும்போது ஏழு மணி ஆகிவிடும். ஆறரைக்குப் பஸ். கைக்குழந்தைக்காரி தானாக வந்து, "அக்கா, எனக்குக் காலைல அவசரமே இல்ல, பாப்பா எந்திரிக்கவே ஏழாகும். என் முறையை நீங்க எடுத்துக்கோங்க, உங்களுதை நான் எடுத்துக்கறேன்" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து போய் மேஷ்ட்ரிடம் சொன்னார்கள்.

"மாத்த முடியாதும்மா" என்றார் அவர். "இன்னிக்கு உங்களுக்கு மாத்துனா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. ரூல்ஸ்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"ரெண்டு பேருக்கும் சம்மதமுங்களே."

"அது சலுகை ஆயிடும்."

அன்றைக்கு அம்மா என்னிடம் சொன்னாள். சொன்னாள் என்பதைவிட, என் தலையைப் பின்னிக்கொண்டே தனக்குத்தானே பேசினாள். "யஜமானருகிட்ட அழுதா என்னைக்காச்சும் மனசு எளகும். இவரு ரூல்ஸுல அழுகறதுக்கு எடமே இல்ல கண்ணு." அந்த மாதம் பள்ளிக்கூடத்தில் மக்களாட்சியின் சிறப்புகளை எழுதச் சொன்னார்கள். நான் எல்லாச் சிறப்பையும் எழுதி முழு மார்க் வாங்கினேன். அந்தப் பேப்பரை வீட்டில் காட்டியபோது அம்மா குளிக்காத தலையோடு பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

பஸ் மறுபடி தவறியது. அம்மா டவுன் பஸ் பிடித்துப் போய்க் கம்பெனி கேட்டில் நின்றாள். சூப்பர்வைசர் வெகுநேரம் வெளியிலேயே நிற்க வைத்து, "இதுதான் கடைசி. இன்னொரு தரம் பஸ்ஸை விட்டா நீ வரவே வேணாம்" என்று சொல்லி உள்ளே விட்டார். சாயங்காலம் அதை அம்மா அழாமல் சொன்னாள். சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனாள், அங்கே பெண்கள் இருந்தார்கள். அப்போது கார்ப்பரேஷனில் பெண்களுக்கென்று வார்டு ஒதுக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"கார்ப்பரேசன்லயே பொம்பளைங்க போய் உக்காரப் போறாங்களாமா. நம்ம குழாய்க்கு நாம ஓட்டுப் போடக் கூடாதா? தண்ணி தூக்கறவ யாரு? இடுப்பு நோகறது யாருக்கு? தூக்கறவதான் ஓட்டுப் போடோணும்."

"மேஷ்ட்ரு ஒத்துக்குவாரா?" என்றாள் கைக்குழந்தைக்காரி.

"அவரை எதுக்குக் கேக்கோணும்? குடம் நம்மளுது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்கள் காலிக் குடத்தோடு முற்றத்துக்கு வந்தார்கள். இப்போது இருக்கிற ஏற்பாடே போதும் என்கிறவர்கள் குடத்தைக் கவிழ்த்து வைக்க வேண்டும், மாற வேண்டும் என்கிறவர்கள் நிமிர்த்தி வைக்க வேண்டும். இதுதான் அம்மா கண்டுபிடித்த தேர்தல். சீட்டு வேண்டாம், எழுத்துத் தெரிய வேண்டாம், ஒளிக்கவும் முடியாது. அம்மா முதலில் வைத்தாள், நர்ஸ் அக்கா பிளாஸ்டிக் குடத்தை வைத்தார், கைக்குழந்தைக்காரி வைத்தாள். யஜமானியம்மா பின்னால் திரும்பிப் பார்த்தார். வீட்டு ஜன்னலில் யஜமானர் தெரிந்தார். அவர் பார்க்கும்போதே யஜமானியம்மா பித்தளைக் குடத்தை நிமிர்த்தி வைத்தார். கடைசியாக மேஷ்ட்ரு வீட்டம்மா. மேஷ்ட்ரு தன் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு நிமிர்த்தித்தான் வைத்தார். "தினம் எனக்கும்தான் முக்கால் குடம்" என்றார், யாரையும் பார்க்காமல்.

மேஷ்ட்ரு இறங்கி வந்து குடங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. "மெஜாரிட்டி இருக்கு" என்று சொல்லிச் சாவியைக் கழுத்திலிருந்து கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். விசிலையும் சேர்த்துக் கொடுத்தார், அம்மா விசில் வேண்டாம் என்றாள். அன்றைக்கு நானும் மற்ற குழந்தைகளும் அவர் முதுகுக்குப் பின்னால் விசில் மாதிரி ஊதிச் சிரித்தோம். அவரை அசடு என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. எண்ணிப் பார்த்து, தோற்றது தெரிந்து, சாவியைத் தன் கையாலேயே கொடுத்த மனுஷர்களை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்த்துவிடவில்லை.

அம்மா ஆட்சியில் பெட்டி விடியற்காலையிலேயே திறந்தது. அவசரமுள்ளவர்கள் முன்னால், அவசரமில்லாதவர்கள் பின்னால், அவர்களே பேசிக்கொள்ள வேண்டும். முதல் சில நாள் குடத்தோடு குடம் இடித்துச் சண்டை வந்தது, அப்புறம் பழகிவிட்டது. அம்மா குளித்து, சமைத்து, தலையில் பூ வைத்து பஸ் ஏறினாள். வளவில் அம்மாவைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். தோசை வார்த்தால் ஒன்று எங்கள் வீட்டுக்கு வரும். மல்லிகை கட்டினால் ஒரு முழம் வரும். எங்கள் அப்பாவை, "அண்ணா, அக்காகிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று சிபாரிசுக்குப் பிடித்தார்கள். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. எனக்கும்தான்.

மார்கழிக் குளிரில் ஒரு சாயங்காலம் மேஷ்ட்ரு வீட்டம்மா வந்து, விருந்தாளிகள் வருகிறார்கள், இரண்டு குடம் கூடுதலாக வேண்டும் என்று கேட்டார். அம்மா ஊதுபத்திக் கரி படிந்த கையைத் துடைத்துக்கொண்டே, "யோசனை பண்றேன்" என்றாள்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். மேஷ்ட்ரு வீட்டம்மா தலையாட்டிவிட்டுப் போவதற்குத் திரும்பினார், யஜமானர் வாசலில் நாங்கள் திரும்பின மாதிரியே. "ஏனுங்க, நில்லுங்க" என்று அம்மா அவசரமாகக் கூப்பிட்டாள். "எடுத்துக்குங்க. என்னைக் கேக்கவே வேண்டாம், எடுத்துக்குங்க." அன்று இரவு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. என்ன ஆச்சு என்று அப்பா கேட்டதற்கு, "என்ற வாயில அந்த ஆளு பேச்சு வந்துருச்சு" என்றாள்.

அமாவாசைக்கு முந்தின நாள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாள். சாவி இனி ஒரு வீட்டில் தங்காது. அமாவாசைக்கு அமாவாசை கை மாறும், வீட்டு நம்பர் வரிசையில். முதலில் முதல் வீடு.

"முதல் வீடுன்னா யஜமானர் வீடு அக்கா" என்றாள் கைக்குழந்தைக்காரி, பயந்துபோய்.

"யஜமானருக்கில்ல, யஜமானியம்மாவுக்கு. தண்ணி தூக்கறவங்களுக்குத்தான் சாவி."

யாருக்கும் பிடிக்கவில்லை. "நீங்கதான் நல்லாப் பாத்துக்கறீங்களே, நீங்களே வெச்சுக்கோங்க" என்று நர்ஸ் அக்காவே சொன்னார். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "உனக்குப் பைத்தியமா? அந்த வீட்டுல மறுபடி ஏழு மணிக்குத் தொறப்பாங்க. கடைசித் தரம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான். வேலை போனா சோத்துக்கு என்ன பண்றது?"

"நல்லாப் பாத்துக்கறவ கையில இருந்தாலும் திருப்பி வாங்கறதுக்கு ஒரு நாள் இருக்கோணும்" என்றாள் அம்மா. "இல்லீன்னா நாளைக்கு எனக்கும் ஒரு நாற்காலி போடுவீங்க." யஜமானியம்மாவின் உள்ளங்கையில் சாவியை வைத்து விரல்களை மடித்து மூடினாள்.

மறுநாள் விடியற்காலையில் நானும் அம்மாவும் குடத்தோடு முற்றத்துக்கு வந்தோம். வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். தண்ணீர் வந்துவிட்டது, பெட்டிக்குள் முட்டுகிற சத்தம் கேட்டது. முதல் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மற்ற பெண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். பழைய காலத்து மாதிரியே உட்கார்ந்தார்கள். கோவில் மணி அடித்தது. அப்பா எங்கள் வாசலில் வந்து நின்று, நான் சொன்னேனே என்கிற முகத்தோடு பார்த்தார்.

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். நேராக நடந்துபோய் யஜமானர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த வளவில் அத்தனை வருஷத்தில் தண்ணீருக்காக அந்தக் கதவை யாரும் தட்டினதில்லை. கைக்குழந்தைக்காரி, "ஐயோ அக்கா" என்று எழுந்தாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி தட்டினாள், இந்தத் தடவை உள்ளங்கையால்.

கதவு திறந்தது. நிலையை அடைத்துக்கொண்டு யஜமானர் நின்றார், போர்வை போர்த்தியபடி.

"என்னம்மா இது? இன்னும் பூஜை ஆகலை."

"பூஜை உங்களுதுங்க" என்றாள் அம்மா. குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. "சாவி இந்த மாசம் யஜமானியம்மாவுதுங்க. அவங்களைக் கூப்புடுங்க. நேரமாச்சு."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்து நின்றுகொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். உள்ளேயிருந்து யஜமானியம்மா வந்தார். சாவி அவர் கையில்தான் இருந்தது. ராத்திரி முழுக்கக் கையிலேயே வைத்திருந்தாரோ என்னவோ. கணவருக்குப் பின்னால் வந்து நின்றார்.

"வழி விடுங்க" என்றார்.

யஜமானர் ஒதுங்கி வழி விட்டார். யஜமானியம்மா படி இறங்கி வந்து பெட்டியைத் திறந்தார். பூட்டு அவருக்குப் பழக்கமில்லை, இரண்டு மூன்று தரம் திருப்ப வேண்டியிருந்தது. "கோச்சுக்காதேம்மா, இவர் எழுந்துக்கட்டும்னு பாத்தேன்" என்றார்.

"கோவமெல்லாம் இல்லீங்க" என்று அம்மா குடத்தை நிமிர்த்தி வைத்தாள். "நாளைக்கும் நேரமாச்சுன்னா நாளைக்கும் வந்து தட்டுவனுங்க. அடுத்த மாசம் மேஷ்ட்ரு வீட்டுக் கதவைத் தட்டுவேன். என்ற முறை வரும்போது நீங்க எல்லாரும் வந்து என்ற கதவைத் தட்டுங்க."